பெயர் இருக்கட்டும், பாரம் குறையட்டும்: அக்கரப்பத்தனைச் சிறுதொழில்களும் பிரதேச சபை வரியும்



அறக்கட்டளைச் சொற்பொழிவு என்றால் இலக்கியமோ சமயமோ கேட்பது நம் வழக்கம். இன்று வரியைப் பற்றிப் பேசப் போகிறேன். சபை வரியைப் பற்றிக் கடைவீதியில் ஒவ்வொருவரும் தனித்தனியே புலம்புவதைக் கேட்டிருக்கிறேன். ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்து பேசிக் கேட்டதில்லை. அதனால்தான் இந்தத் தலைப்பு.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். சிறிய கடைக்கும், சொந்தக் கையை நம்பித் தொழில் செய்கிறவருக்கும் சபை வரியில் சலுகை வேண்டும். அந்தச் சலுகை, அவருடைய பெயர் பதிவேட்டில் இருக்கும்போதே கிடைக்க வேண்டும். மலையகத்துக்கு இந்த இரண்டாவது பாதிதான் அதிக முக்கியம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம்தான் நமக்கு அடிப்படை. ஒரு கட்டடத்துக்குச் சபை வரி விதிக்க வேண்டுமானால், அந்த இடம் கட்டடங்கள் செறிந்த பகுதி என்று பிரகடனம் செய்யப்பட்டிருக்க வேண்டும். அங்கேதான் மதிப்பீட்டு வரி, நாம் அசஸ்மன்ட் என்று சொல்வது, அறவிடப்படும். அந்தக் கடையை வாடகைக்கு விட்டால் ஒரு வருடத்தில் என்ன கிடைக்கும் என்று விலைமதிப்பீட்டுத் திணைக்களம் கணிக்கும். அது ஆண்டுப் பெறுமதி. அதில் எத்தனை வீதம் என்பதைச் சபை தீர்மானித்து வர்த்தமானியில் போடும். உதாரணத்துக்கு, ஒரு கடையின் ஆண்டுப் பெறுமதி 60,000 ரூபாய், வரி 10 வீதம் என்று வைத்துக்கொள்வோம். வருடத்துக்கு 6,000, காலாண்டுக்கு 1,500. முழுத் தொகையையும் ஜனவரி 31க்குள் கட்டினால் 10 வீதம் கழிவு கிடைக்கும், 5,400 போதும். காலாண்டுக் காசை அந்தக் காலாண்டின் முதல் மாதத்தில் கட்டினால் 5 வீதம் கழிவு.

தொகை பெரிதாகத் தெரியவில்லையே என்று கொழும்பில் இருக்கும் ஒருவர் கேட்கலாம். அக்கரப்பத்தனைக் கடைக்காரருடைய காசு எப்போது வருகிறது, எப்போது போகிறது என்று அவருக்குத் தெரியாது. இங்கே வியாபாரம் நடப்பது கடன் கொப்பியில். அரிசி, மா, பருப்பு, மண்ணெண்ணெய், பிள்ளைக்குப் பால்மா எல்லாம் கொப்பியில் எழுதப்பட்டு, மாதம் 10ஆம் திகதி தோட்டச் சம்பளம் விழும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்க்கப்படும். ஜனவரி வரும்போது தோட்டத்து வீடுகளில் நிலைமை என்ன? தீபாவளிக்கு வாங்கிய முற்பணம் சம்பளத்தில் மாதாமாதம் கழிந்துகொண்டிருக்கும். கையில் கிடைப்பது குறையும். தைப்பொங்கலும் அதற்குள் வந்துவிடும். ஆக, கொப்பியில் பாக்கி ஏறியிருக்கும் மாதத்தில்தான் சபை கடைக்காரரிடம், முழு வருடத்துக்கும் இப்போதே கட்டினால் கழிவு தருகிறேன் என்கிறது. கையில் காசு உள்ள பெரிய கடைக்குக் கழிவு கிடைக்கிறது. கழிவு அதிகம் தேவைப்படுகிறவர் மார்ச் முடியும் தறுவாயில் ஓடிவந்து முழு 1,500ஐயும் கட்டுகிறார். தவணை தப்பினால் நிலுவை, அறிவித்தல், வாரண்டுச் செலவு என்று போகிறது. அசையும் பொருளைக் கைப்பற்றும் அதிகாரமும் சட்டத்தில் சபைக்கு இருக்கிறது.

வாடகைக் கணிப்பில் இன்னொரு குறையும் உண்டு. கடைக்காரர் சம்பாதித்தாரா, நட்டப்பட்டாரா என்பது அதில் எங்கும் வருவதில்லை. 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடை செய்தார்கள். கொழுந்து குறைந்தது, வேலை நாள் குறைந்தது, மரக்கறித் தோட்டக்காரரும் விழுந்தார். அடுத்த வருடம் நாடே பொருளாதார நெருக்கடியில் மாட்டிக்கொண்டது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மலைநாட்டையே உலுக்கியது. இவற்றில் எதுவும் ஆண்டுப் பெறுமதியில் ஒரு ரூபாயைக்கூடத் தானாகக் குறைக்காது. கட்டடம் நின்றுகொண்டிருக்கும் வரை அதன் வாடகைப் பெறுமதியும் தாளில் நின்றுகொண்டிருக்கும்.

அடுத்தது தொழில் வரி. நான் அதிகம் மனவருத்தப்படுவது இதைப் பற்றித்தான். சாப்பாட்டுக் கடை, பேக்கரி, சலூன் போன்றவை உரிமப் பத்திரம் எடுக்க வேண்டும். அதற்கான கட்டணத்துக்கு ஆண்டுப் பெறுமதியின்படி 500, 750, 1,000 ரூபாய் என்று மூன்று உச்சவரம்புகள். ஆண்டுப் பெறுமதி 1,500 ரூபாயைத் தாண்டினால் உச்சப்படி. இன்றைக்கு வருடத்துக்கு 1,500 ரூபாய் வாடகைக்கு ஒரு கோழிக்கூடாவது கிடைக்குமா? ஆகவே எல்லோரும் மேல் படியில்தான் நிற்கிறார்கள்.

உரிமமோ கைத்தொழில் வரியோ தேவைப்படாத தொழில்களுக்கு வியாபார வரி. அது முந்திய வருடத்தின் வரவைப் பார்க்கிறது. 6,000 ரூபாய் வரை வரி இல்லை. 12,000 வரை 90 ரூபாய், 18,750 வரை 180, 75,000 வரை 360, 150,000 வரை 1,200, அதற்கு மேல் எவ்வளவு வந்தாலும் 3,000. இந்த அட்டவணையைத் தயவுசெய்து கவனமாகப் பாருங்கள். வருடத்துக்கு 150,000 என்றால் மாதத்துக்கு 12,500. நாளுக்கு 411 ரூபாய். இன்று லயத்து வாசலில் வடை சுட்டு விற்கும் அம்மாவின் வரவே அதைத் தாண்டிவிடும். அந்த அம்மாவும், வருடத்தில் ஒன்றரைக் கோடிக்கு விற்கும் மொத்த வியாபாரியும் சட்டத்தின் கண்ணில் ஒரே படி. அம்மாவுக்கு 3,000 என்பது வரவில் நூற்றுக்கு 2 ரூபாய். மொத்த வியாபாரிக்கு அது பத்தாயிரத்துக்கு 2 ரூபாய். சிறியவரைக் காப்பாற்றவென்று போட்ட படிகளைப் பண வீக்கம் மண்மூடிவிட்டது. யாரும் கெட்ட எண்ணத்தோடு இதைச் செய்யவில்லை. ஆனால் இத்தனை வருடமாக அதைத் திருத்தாமல் விட்டதற்கு மன்னிப்பில்லை.

கொந்தராத்து வேலைக்காரருக்கு இது இன்னும் மோசம். அட்டவணை பார்ப்பது வரவை, இலாபத்தை அல்ல. ஒரு மேசன் 6 இலட்சத்துக்கு ஒரு வீட்டு வேலையைப் பொருளோடு பொறுப்பெடுக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சீமெந்து, மணல், கம்பி, தகரம், லொறிக் கூலி, கையாளுக்குக் கூலி எல்லாம் போக அவர் கையில் நிற்பது அவருடைய நாட்கூலியும் அதற்கு மேல் ஒரு சிறு தொகையும்தான். மழை பிடித்தால் அதுவும் கரையும். ஆனால் வரவு 6 இலட்சம். மாறாக, பொருளை வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்து, கூலிக்கு மட்டும் வேலை செய்யும் மேசனின் வரவு தாளில் சிறியது. இரண்டு பேரின் உழைப்பும் ஒன்றுதான். பொருட்செலவைக் கழித்துவிட்டு வரவைக் கணக்கிடும் முறை வந்தால்தான் இவர்களுக்குள் நீதி இருக்கும்.

இனி மறுபக்கம். கடைவீதிக்கு இவ்வளவு கணக்கு. அதைச் சுற்றியிருக்கும் தேயிலைக்கு என்ன கணக்கு? கட்டடங்கள் செறிந்த பகுதிக்கு வெளியே உள்ள பயிர் நிலத்துக்குச் சட்டம் விதிப்பது ஏக்கர் வரி. ஒரு ஹெக்டேயருக்குச் சில ரூபாய் என்ற அளவிலான வரி அது. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமை ஆயின. 1992இல் அவை பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் 53 வருடக் குத்தகைக்குப் போயின. 2045 வரை அந்தக் குத்தகை இருக்கிறது. குத்தகைப் பணம் போவது மத்திய அரசுக்கு. டயகமயிலிருந்து ஹோல்புறூக் வரை பச்சையாகத் தெரியும் நிலம் முழுவதும் இந்தச் சபையின் எல்லைக்குள் இருந்தாலும், சபையின் பெட்டிக்கு அதிலிருந்து வருவது மிகச் சொற்பம்.

மற்றப் பிரதேச சபைகளுக்குக் கை கொடுக்கும் ஒரு வருமானம் முத்திரைத் தீர்வை. காணி கைமாறும்போது உறுதியில் அறவிடப்பட்டு, மாகாணத்தின் வழியாக உள்ளூராட்சி சபைக்கு வந்து சேரும். காணி விலை ஏறும் ஊரில் சபை அதை வைத்தே தெருவைப் போடும். நம் ஊரில் நிலம் கம்பனியின் குத்தகையில். லயத்துக்கு உறுதி இல்லை. விற்பதும் வாங்குவதும் கடைவீதியின் சில துண்டுகளில் மட்டும். ஆகவே அந்த வாசலும் அநேகமாகப் பூட்டித்தான் கிடக்கிறது. இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால், தெருவிளக்குக்கும் குப்பை வண்டிக்கும் சொந்த வருமானம் தேடும் சபை, கையெட்டும் தூரத்தில் இருக்கும் சிறுகடைகளைத்தான் பார்க்கிறது. சபைச் செயலாளரையோ வருமானப் பரிசோதகரையோ நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் வாசல் அவ்வளவுதான்.

இந்தப் பிரிவினை நேற்று வந்ததில்லை. 1892இன் சிறு பட்டினங்கள் சுகாதாரச் சட்டம் போன்றவை கடைத்தெருவைத் தனி அலகாகப் பிரித்து, துப்புரவுக்கென்று அங்கே வரி எடுத்தன. தோட்டம் துரையின் ஆட்சியில் தனியே இருந்தது. 1937இல் கிராமச் சபைச் சட்டத்தைத் திருத்தியபோது, தோட்டத்து லயன்களில் வாழ்ந்த தொழிலாளருக்குக் கிராமச் சபைத் தேர்தலில் வாக்கில்லை என்று ஆக்கினார்கள். 1948இல் குடியுரிமையே பறிக்கப்பட்டது. 1987இல் பிரதேச சபைகள் சட்டம் வந்தபோதும், அதன் 33ஆம் பிரிவு தோட்டத்துக்குள் சபைப் பணத்தைச் செலவிட முடியாதபடி கையைக் கட்டியது. வாக்குக் கேட்டு லயத்துக்கு வந்த உறுப்பினர், வென்ற பிறகு அந்த லயத்து வழிக்கு ஒரு லோட் கல் போட முடியாமல் நின்றார். 2003இன் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு குடியுரிமைப் பிரச்சினை பெருமளவு தீர்ந்தும், இந்தக் கட்டு அவிழ 2018 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதே 2018இல்தான் அக்கரப்பத்தனைக்கு என்று ஒரு பிரதேச சபை கிடைத்தது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களோடு தவித்த நுவரெலியா பிரதேச சபை நுவரெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை என்று மூன்றானது. பெப்ரவரி 10ஆம் திகதி வாக்களித்தோம். 2023 மார்ச்சில் அந்தச் சபையின் ஆயுள் முடிந்தது, தேர்தல் தள்ளிப்போனது. 2025 மே 6 வரை மக்கள் தெரிவு செய்த சபை இல்லை. நெருக்கடியில் கடைகள் பட்ட அடி இன்னும் ஆறாத அந்தக் காலத்தில், வரியைக் குறையுங்கள் என்று கேட்க நமக்கு ஓர் உறுப்பினர்கூட இருக்கவில்லை.

இந்தச் சரித்திரத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சலுகை என்றதும் நம்மில் பலர், சிறியவர்களை வரிக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுங்கள் என்கிறார்கள். அது நல்லெண்ணம்தான். ஆனால் மலையகத்தில் கணக்கில் இல்லாமல் இருந்ததால் நாம் பட்ட பாடு கொஞ்சமா? லயத்து முன்பக்கத்தில் பலகை அடித்து ஒரு பெண் நடத்தும் கடையை எண்ணிப் பாருங்கள். சபை அதற்கு மதிப்பீட்டு வரி கேட்பதில்லை. ஆனால் அந்தக் கடைக்கு இலக்கமும் இல்லை. தெருப் பெயர் இல்லை. கடிதம் தோட்ட அலுவலகத்தின் வழியாக வருகிறது. வியாபாரப் பெயரைப் பதிவு செய்யப் பிரதேச செயலகத்துக்குப் போனால் இடத்துக்கு என்ன அத்தாட்சி என்று கேட்பார்கள். உறுதி கிடையாது, வாடகைப் பத்திரம் கிடையாது. துரையின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் கிடைப்பதும் கிடைக்காததும் துரையின் மனதைப் பொறுத்தது. பதிவு இல்லாவிட்டால் வங்கி சிறுதொழில் கடன் தராது. பிறகு அந்தப் பெண் வாராவாரம் வட்டி கட்டும் நுண்கடன்காரரிடம் போகிறார். சபை கேட்காமல் விட்ட வரியைப் போலப் பல மடங்கை அவர் வட்டியாகக் கட்டுகிறார். புயலுக்கோ மண்சரிவுக்கோ நட்டஈடு எழுத அதிகாரி வரும்போதும் முதல் கேள்வி பதிவு இருக்கிறதா என்பதுதான்.

ஆகவே அந்தப் பெண்ணுக்குத் தேவை ஓர் இலக்கம், பதிவேட்டில் ஒரு வரி, தன் பெயரில் ஒரு பற்றுச்சீட்டு. தொகை நூறு ரூபாயாக இருக்கட்டும், பூச்சியமாகவே இருக்கட்டும். பூச்சியம் என்று எழுதிய பற்றுச்சீட்டும் வங்கி மேசையில் ஓர் அத்தாட்சி.

இப்படி வேறெங்காவது நடக்கிறதா? நம்முடைய ஆண்டுப் பெறுமதி முறைக்கே தாய்வீடான இங்கிலாந்தில் நடக்கிறது. அங்கே ஒரேயொரு கடையை வைத்திருக்கும் சிறு வியாபாரியின் மதிப்பீட்டுப் பெறுமதி 12,000 பவுணுக்கு மேற்படாவிட்டால் அவர் கட்ட வேண்டிய வரி பூச்சியம். 12,000க்கும் 15,000க்கும் இடையில் சலுகை படிப்படியாகக் குறைகிறது. கடையோ மதிப்பீட்டுப் பட்டியலில் இருந்துகொண்டே இருக்கிறது. உரிமையாளர் விண்ணப்பித்து, தன் பெயரில் சலுகையை வாங்குகிறார். கனடாவின் ரொறன்ரோ நகரம் 2022இல் சிறு வியாபாரக் கட்டடங்களைத் தனி உபவகுப்பாக்கி 15 வீதம் வரியைக் குறைத்தது. நகரசபையின் வருமானம் குறையாதபடி அந்தத் தொகையைப் பெரிய வர்த்தகக் கட்டடங்கள் மேல் பகிர்ந்தார்கள். நம்மவர்கள் கடை நடத்தும் இடங்கள் இவை. அங்கே முடிந்தது இங்கே முடியாது என்று சொல்வதற்கு நியாயமான காரணம் எனக்குத் தெரியவில்லை.

இடையில் ஒரு விளக்கம். சர்வதேச நாணய நிதியத்தோடு 2023இல் செய்த உடன்பாட்டில் நாடு முழுவதற்கும் ஆதன வரி என்ற பேச்சு வந்தது. பிறகு அது, சொந்த வீட்டுக்கும் வாடகை கிடைப்பதாகக் கணித்து வரி எடுக்கும் யோசனையாக மாறித் தள்ளிப்போனது. அது மத்திய அரசின் காரியம். அதையும் சபை வரியையும் குழப்பிக்கொண்டு சபை வாசலில் சத்தம் போடுவதில் பயனில்லை.

சபையின் வருமானம் விழுந்துவிடுமே என்ற கேள்வி நியாயமானது. சபைத் தொழிலாளிக்குச் சம்பளம் வேண்டும். தெருவிளக்கு எரிய வேண்டும். ஆனால் அட்டவணையின் உச்சம் 3,000 என்று நிற்பதால் சபை இழப்பது பெரிய வியாபாரங்களிடம். ஏக்கர் வரி பெயரளவில் இருப்பதால் இழப்பது பெரிய நிலத்திடம். அந்த இரண்டையும் இன்றைய ரூபாய்க்குக் கொண்டுவந்தால் சிறுகடைகளை விட்டுக்கொடுப்பதில் சபைக்குப் பாதிப்பு வராது. சட்டத்தில் உள்ள உச்சவரம்புக்குக் கீழே குறைப்பதைச் சபை தன் தீர்மானத்தாலேயே செய்யலாம். வீட்டுக்கு ஒரு வீதம், வியாபாரத்துக்கு ஒரு வீதம் என்று வைக்கும் சபைகளும் இருக்கின்றன. உச்சவரம்பைக் கூட்டவும் ஏக்கர் வரியைத் திருத்தவும் சட்டத் திருத்தம் தேவை. அதற்கு மலையக நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி பாராமல் ஒன்றாக நிற்க வேண்டும். 33ஆம் பிரிவைத் திருத்த முடிந்ததென்றால் இதையும் திருத்த முடியும்.

அவசரப்பட வேண்டிய காரணம் ஒன்றும் இருக்கிறது. புதிய வீட்டுத் திட்டங்கள் வருகின்றன. 7 பேர்ச்சஸ், 10 பேர்ச்சஸ் காணியில் தனி வீடுகள். 2017 மே 12 அன்று நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். நாளை அந்தக் கிராமங்களும் கட்டடங்கள் செறிந்த பகுதி ஆகும். முன்னறையில் சில்லறைக் கடையோ தையல் மெஷினோ வைத்திருக்கும் வீடு ஒவ்வொன்றுக்கும் மதிப்பீட்டு அறிவித்தல் வரும். முதல் தலைமுறையாக உறுதியைக் கையில் வாங்கியவர், அதற்குப் பின்னால் வரும் அறிவித்தலைக் கண்டு பயப்படக் கூடாது. அதற்கு முன்பே, இத்தனை பெறுமதிக்குக் கீழே வரி இல்லை, பதிவு மட்டும் என்ற விதி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

சபை உறுப்பினர்களிடம் நேரடியாகக் கேட்கிறேன். அடுத்த பாதீட்டில் நாளாந்த வரவு குறைந்த தொழில்களுக்கு வியாபார வரியை உச்சவரம்பில் போடாதீர்கள். பொருளோடு வேலை எடுக்கும் கொந்தராத்துக்காரருக்குப் பொருட்செலவைக் கழித்துப் பாருங்கள். நிலுவையைத் தவணையாகக் கட்ட 10ஆம் திகதிக்குப் பின் வரும் நாட்களைக் கொடுங்கள். லயத்துக் கடைகளுக்கும் இலக்கம் கொடுத்துப் பதிவு செய்யுங்கள். ஜனவரிக் கழிவைச் சிறுகடைகளுக்கு வருடம் முழுவதும் நீட்டச் சட்டம் இடம் தராவிட்டால், அதைத் திருத்தக் கோரிச் சபையிலேயே தீர்மானம் நிறைவேற்றி மேலே அனுப்புங்கள்.

கடைக்காரர்களே, கொந்தராத்துக்காரர்களே, உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மதிப்பீட்டு அறிவித்தல் வந்தால் கல்லாப்பெட்டிக்கு அடியில் வைத்துவிடாதீர்கள். அதில் குறித்த நாளுக்குள் ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள்; வாயால் சொன்னது கணக்கில் வராது. ஒவ்வொரு வருட முடிவிலும் சபையின் பாதீடு நிறைவேறுவதற்கு முன் மக்கள் பார்வைக்கு வைக்கப்படும். இந்த வருடம் அதைப் போய்ப் பாருங்கள். வரவுப் பக்கத்தைத் திருப்பி, உங்கள் தொழிலுக்கு என்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசியுங்கள். தனியாகப் போகாதீர்கள், சங்கமாகப் போங்கள், தையல்காரப் பெண்களையும் லயத்துக் கடைக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள்.